என் கதைக்கு நானே சொன்ன ‘ஏறலாம்’

சிவகாசியில் கதை எழுதுகிற இளசுகள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். என்னையும் அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். யாராவது ஒரு கதையைப் போடுவார்கள். போட்ட கையோடு ‘அருமை’, ‘செம’, ‘உடனே பத்திரிகைக்கு அனுப்புங்க’ என்று வரிசையாக வந்து விழும். கதையைப் படித்து முடிக்கவே அதைவிட நேரம் பிடிக்குமே, படித்துவிட்டுத்தான் சொல்கிறீர்களா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். பிறகு குழுவை நடத்துகிற டீச்சர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். நான் வேலை பார்த்த அச்சகத்தில் ஒரு கதை அச்சுக்குத் தயாரா இல்லையா என்று எப்படி முடிவு செய்வோம், அதை விவரமாக எழுதித் தர முடியுமா, பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கும் என்று கேட்டிருந்தார்.

எழுதித் தருகிறேன். ஆனால் டீச்சர் எதிர்பார்க்கிற பெருமை இதில் கிடைக்காது. அந்த வேலையில் எனக்குக் கடைசியாக மிஞ்சியது வெட்கம்தான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி. அந்தப் பல்லி எழுதுகிற கட்டுரை என்று நினைத்துப் படியுங்கள்.

என் பெயர் பேச்சியம்மாள். சொந்த ஊர் ஆமத்தூர். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பிளஸ் டூ முடித்ததும் என்னை அந்த ஆபீஸுக்கு அனுப்பாமல் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கொண்டுபோய் விட்டார். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கே அடிப்பார்கள். நான் பிழை திருத்துகிற பிரிவில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் என் வேலை சத்தமாகப் படிப்பது மட்டும்தான். நான் மூலத்தைப் படிப்பேன், மூத்தவர் அச்சுப்படியில் விரல் வைத்துத் தொடர்ந்து வருவார். ராகம் போட்டுப் படித்தால் திட்டு விழும். பஞ்சாங்கமானாலும் சரி, கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, ஒரே குரல். ‘நீ நல்லாப் படிச்சா தப்பும் நல்லாத்தான் கேக்கும்’ என்பார் அவர். பிறகு அவர் போனார், நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதோடு என் பயிற்சிக் காலம் முடிந்தது.

எங்களுக்கு மேனேஜர் தங்கராஜ் அண்ணாச்சி. மெஷின் ஓடுகிற இடத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். அண்ணாச்சி மட்டும் கத்த மாட்டார். பக்கத்தில் வந்து நின்று மேஜையை ஒரு விரலால் தொடுவார், நாம் நிமிர்ந்து பார்க்க வேண்டும். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கிவிடும். அவர் முணுமுணுத்தால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

அச்சடித்த தாளை அவர் பார்க்கிற விதம் ஒன்று உண்டு. தாளை இரண்டு மூலையில் பிடித்துத் தூக்குவார். வண்ணம் எங்கே கெட்டியாக விழுந்திருக்கிறதோ அங்கே கட்டை விரலை வைத்து ஒரு தேய் தேய்ப்பார். பிறகு விரலை நமக்குக் காட்டுவார். விரல் சுத்தமாக இருந்தால் தாளை அடுக்கலாம், வெட்டலாம். மை ஒட்டியிருந்தால் விரலை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுவார். மை காயாமல் அடுக்கினால் கீழ்த்தாளில் உள்ளது மேல்தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். நான் சேர்ந்த புதிதில் ஒரு காலண்டர் லோடு அப்படிப் போனது. ஒவ்வொரு முருகனுக்கும் முதுகில் இன்னொரு முருகன் முகம். அந்தச் சீசன் முழுக்க அண்ணாச்சியின் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

பொங்கல் முடிந்தால் காலண்டர் வேலை ஓய்ந்துவிடும். பள்ளிக்கூட நோட்டுக்கான ஆர்டர் வர இன்னும் நாள் இருக்கும். மெஷின் சும்மா நிற்கிற அந்த இடைவெளியில், முதலாளியின் சம்மதத்தோடு அண்ணாச்சி ஒரு சிறுகதைத் தொகுப்பு கொண்டுவந்தார். காலண்டருக்கு வாங்கி மிஞ்சிய தாளில் வருடத்துக்கு ஒரு புத்தகம். எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த மண்ணின் ஆட்கள்தான். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவர், ஆள் ஏற்றுகிற வேன் டிரைவர், ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவர், வாத்தியார்கள். புத்தகம் கடைக்குப் போகாது. லேபிள் கட்டு ஏறுகிற வண்டியிலேயே ஒரு கட்டுப் புத்தகமும் ஏறிப் பட்டாசு ஆபீஸ்களுக்குப் போகும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வரைக்கும் போகும். சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். இதை ஞாபகத்தில் வையுங்கள். எங்கள் புத்தகத்தைப் படித்தவர்கள், அதில் எழுதப்பட்ட வாழ்க்கையை வாழ்கிறவர்கள்.

கதைகளைப் பார்க்க நாங்கள் நாலு பேர். அண்ணாச்சி, நான், ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிற காளிமுத்து, கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற மகேஸ்வரி. காளி என்னைவிட இளையவன், என்னை அக்கா என்பான். மகேஸ்வரி எல்லோருக்கும் இளையவள், கடைசியாக வந்து சேர்ந்தவள்.

முறை எல்லாம் அண்ணாச்சி வகுத்தது. கதை வந்ததும் எழுதியவர் பெயரைக் கத்தரியால் வெட்டி அவரே எடுத்து வைத்துக்கொள்வார். நாங்கள் மேஜையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் வாசிப்பார். பிழை திருத்தும்போது படிக்கிற அதே ஒட்டாத குரலில் வாசிக்க வேண்டும், அழுகிற இடத்தில் அழக் கூடாது. வாசித்து முடித்ததும் டீ வரும். டீ குடித்து முடிகிற வரை யாரும் கதையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. கதை வயிற்றில் இறங்கட்டும் என்பார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். இரண்டே தீர்ப்புதான். ‘ஏறலாம்’ என்றால் மெஷினில் ஏறலாம். ‘காயட்டும்’ என்றால் இன்னும் மை காயவில்லை, திருப்பி அனுப்பலாம். ‘நல்லா இல்ல’ என்ற சொல் எங்கள் மேஜையில் கிடையாது. காயட்டும் என்கிறவர் எந்த இடத்தில் விரலில் ஒட்டுகிறது என்று இடத்தைக் காட்டியாக வேண்டும்.

இன்னொரு விதி இருந்தது. இளையவர் முதலில் சொல்ல வேண்டும், மூத்தவர் கடைசியில். பெரியவர்கள் சொன்ன பிறகு சின்னவர்கள் அதைத் தாண்டிப் பேச மாட்டார்கள் என்பது அண்ணாச்சிக்குத் தெரியும்.

ஒருமுறை ஒரு தலைமையாசிரியர் தன் கதை திரும்பி வந்ததில் கொதித்துப்போய் நேரே அச்சகத்துக்கே வந்துவிட்டார். மெஷின் ஓட்டுகிறவன் என் கதைக்கு மார்க் போடுவதா என்று ஒரே கூச்சல். அண்ணாச்சி அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அவர் கதையை எடுத்து நடுவில் ஒரு பக்கத்தை அந்த ஒட்டாத குரலிலேயே வாசித்துக் காட்டினார். தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டே இருந்தார். டீ ஆறிப்போனது. ‘இந்த மாமியார் இப்படிப் பேச மாட்டாளோ’ என்று அவரே கேட்டார். அடுத்த வருடம் அந்தக் கதை ஏறியது. அதைப் பார்த்த அன்றைக்கு இந்த மேஜைதான் உலகத்திலேயே நேர்மையான மேஜை என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

வருடம் போகப் போக எனக்கு ஒரு பெயர் வந்தது. ‘காயட்டும் பேச்சி’. கதை எழுதுகிறவர்கள் மத்தியில் என் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவார்களாம். எனக்கு அது இனித்தது. கறாராக இருப்பது ஒரு போதை. ஒருவர் பல மாதம் உட்கார்ந்து எழுதியதை ஒரே சொல்லில் கீழே வைக்க முடிகிறது பாருங்கள், அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டே கதையைக் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

மகேஸ்வரி மேஜைக்கு வந்த முதல் வருடம் ஆலங்குளத்தில் இருந்து ஒரு கதை வந்தது. சுண்ணாம்புத் தூசி படிகிற வீட்டை விட்டு வர மறுக்கிற ஒரு தாயைப் பற்றியது. மகேஸ்வரிதான் முதலில் பேச வேண்டும். ‘ஏறலாம்’ என்றாள். அதோடு நிற்காமல், அந்த அம்மா துணி காயப்போடும் முன் கொடியைத் துடைப்பது இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டாவது இடத்தில் துடைக்க மறந்துபோகிறாள், அதுதான் கதை என்று ஆசையாகச் சொன்னாள். என் முறை வந்தபோது நான் கதையைப் பற்றிப் பேசவில்லை. “ஏ புள்ள, டைப் அடிக்கிற வெரலுக்குக் கத எப்பிடிம்மா தெரியும்?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மகேஸ்வரியும் சிரித்தாள். அவளே சிரித்துவிட்டாளே என்று நான் அதை அங்கேயே விட்டுவிட்டேன். கதை திரும்பிப் போனது. அதை எழுதியவர் பிறகு எங்களுக்கு எதுவுமே அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு மேஜையில் ஒன்று மாறியிருக்கிறது. எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. டீ முடிந்ததும் அண்ணாச்சி, “பேச்சி, நீ சொல்லு” என்று முதலில் என் பக்கம் திரும்ப ஆரம்பித்தார். நான் சொல்வேன். மற்றவர்கள், அக்கா சொல்வது சரிதான் என்பார்கள். என் அனுபவத்துக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கூட்டமும் சீக்கிரம் முடிந்தது. எனக்குப் பஸ்ஸைப் பிடிக்க வசதியாக இருந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நானும் எழுதுவேன் என்று யாருக்கும் தெரியாது. அடுத்தவர் கதையைக் கிழிக்கிறவள் தன் கதையை வெளியே காட்டுவாளா? வீட்டில் ஒளித்து வைத்து ஒரே ஒரு கதையைத் திருத்திக்கொண்டே இருந்தேன். கணவனைப் பட்டாசு ஆபீஸ் வெடிவிபத்தில் பறிகொடுத்த ஒரு பெண்ணின் கதை. துட்டி கேட்க, அதாவது சாவு விசாரிக்க, ஆபீஸ் முதலாளி கைகூப்பியபடி வருகிறார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. அவள் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டுகிறாள். ‘அவர் கை நடுங்கியது. சொம்பில் இருந்த நீர் மட்டும் அசையவில்லை’ என்று கதை முடியும். அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை மாற்றி எழுதினேன் என்று கணக்கே இல்லை. சமைக்கும்போதுகூட அதை முணுமுணுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணை நான் எங்கிருந்தோ கொண்டுவரவில்லை. காளிமுத்துவின் அண்ணன் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆபீஸில் வெடிமருந்து கலக்கிறவராக இருந்தார். சில வருடங்களுக்கு முன்னால் வெடித்ததில் போய்விட்டார். அச்சகத்தில் இருந்து எல்லோரும் துட்டிக்குப் போயிருந்தோம். அண்ணன் மனைவி, காளியின் மதினி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சொம்பு இருந்தது. அழவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மற்றவர்களுக்கு முன்பே கிளம்பி வந்துவிட்டேன். அந்தச் சொம்பை மட்டும் மறக்க முடியவில்லை. மீதிக் கதை முழுவதும் என் கற்பனை.

ஓய்வு பெறுகிற வருடம் ஆசை முற்றிவிட்டது. போவதற்கு முன் அந்தத் தொகுப்பில் என் பெயரும் இருக்க வேண்டும். கதையை வெளி ஆள் அனுப்பியது போல அண்ணாச்சியிடம் சேர்ப்பித்தேன். பெயரை வெட்டி எடுக்கிற அவருக்கு மட்டும் தெரியும், அவர் சொல்ல மாட்டார், மற்ற இருவருக்கும் தெரிய வழியில்லை என்று நம்பினேன். என் புத்தி அவ்வளவுதான். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒரு பிழை இல்லாமல் ஒரு கதை வந்தால் அதை யார் எழுதியிருப்பார் என்று பக்கம் அமைக்கிறவளுக்கும் மெஷின் ஓட்டுகிறவனுக்கும் தெரியாதா? தொகுப்புக்கு வந்த வேறு எந்தக் கதையும் அவ்வளவு இஸ்திரி போட்ட மாதிரி இருந்ததில்லை.

மேஜையில் இருப்பவர் கதை வந்தால் அவர் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போய்விட வேண்டும் என்பது பேசாமலே இருந்த ஏற்பாடு. நான் எழுந்து போகவில்லை. என் கதையைக் கேட்டு அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும் எனக்கு.

அன்றைக்கு வாசிக்கிற முறை காளிமுத்துவுடையது. வழக்கமான அதே ஒட்டாத குரலில் வாசித்து வந்தான். அவள் எழுந்து சொம்பை எடுக்கிற இடம் வந்தது. நின்றுவிட்டான். தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தொண்டையைச் செருமிவிட்டு மீதியை வாசித்தான்.

நான் குனிந்து என் டம்ளரைப் பார்த்துக்கொண்டேன். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அதை மறைக்கத்தான் குனிந்தேன். அந்த ஒட்டாத குரலையே நிறுத்திவிட்டதே என் கதை என்று. இத்தனை வருடத்தில் வேறு எந்தக் கதைக்கும் காளி நின்றதில்லையே என்று. இதை எழுதும்போது முகம் சுடுகிறது. அவன் அண்ணன் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்துதான் அந்தச் சந்தோஷம்.

டீ முடிந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்து, “பேச்சி, நீ சொல்லு” என்றார். இந்தக் கதைக்கு நான் பேசவில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராவது முதலில் சொல்லட்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் ‘ஏறலாம்’ என்றேன். அதோடு விட்டேனா, கடைசி வரி ரொம்ப நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னேன். மகேஸ்வரி, அக்கா சொன்னால் சரிதான் என்றாள். காளி, ஏறட்டும் என்றான். அண்ணாச்சி தாள்களை எடுத்து வைத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, சால்வை போட்டு, ஒரு குத்துவிளக்கும் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். தொகுப்பு மெஷின் ஏறுகிற அன்று அண்ணாச்சி ஆள் அனுப்பினார். முதல் தாளைப் பார்த்து ‘அச்சிடலாம்’ என்று கையெழுத்துப் போடுவது எப்போதும் நான்தான், இந்த ஒரு புத்தகத்துக்கும் நானே வந்து போட்டுவிட வேண்டும் என்று. நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

காளி மெஷினை மெதுவாக ஓட்டி முதல் தாளை எடுத்துக் கொடுத்தான். ஒரு தாளில் புத்தகத்தின் எட்டுப் பக்கம் விழும். அதில் நாலு பக்கம் என் கதை. என் பெயரும் இருந்தது. தாளை மேஜையில் விரித்துப் பேனாவை எடுத்தேன். பேசாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் எல்லாம் என் கண்ணுக்குத் தெரியாமலே போயிருக்கும். எனக்கு அது போதவில்லை. அவன் வாயால் ஒரு பாராட்டுக் கேட்க வேண்டும்.

எழுதியது நான்தான் என்று இப்போது தெரிந்துவிட்டதே என்று ஆரம்பித்தேன். அவன் தலையாட்டினான். அன்றைக்கு வாசிக்கும்போது தண்ணீர் கொடுக்கிற இடத்தில் நின்றுவிட்டாயே காளி என்று கேட்டேன்.

அவன் கையில் இருந்த மைத்துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கினான். பிறகு சொன்னான்.

“எங்க மதினி தண்ணி குடுக்கலக்கா. செருப்பத் தூக்கிருச்சு. நீங்க பஸ்ஸுக்குப் போனப்பெறகுதான் கம்பெனிக்காரவுக வந்தாக. நாலு பேரு சேந்து மதினி கையப் பிடிச்சு வச்சோம். நானும் பிடிச்சேன். விடுங்கடா, ஒரு அடியாச்சும் அடிச்சுக்கிறேன்னு கேட்டுச்சு. விடல.”

பிறகு எதற்காக ‘ஏறட்டும்’ என்று சொன்னாய் என்று கேட்டேன். அதிகாரமாகக் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன், எனக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது.

“நீங்கதான் மொதல்லயே சொல்லிட்டீகளே” என்றான்.

அவன் அதில் குத்தல் எதுவும் வைத்துச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னான். மதினி இப்போதும் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஆபீஸில்தான் வேலைக்குப் போகிறாள், எங்கள் புத்தகக் கட்டு அங்கேயும் போகும், சாப்பாட்டு நேரத்தில் யாராவது வாசிப்பார்கள் என்றான். என் கதையில் வருகிற பெண் யாரென்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அவள் கையைப் பிடித்து வைத்தவர்களும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேர் நடுவில் அவள் முதலாளிக்குத் தண்ணீர் கொடுத்தவளாக ஆகிவிடுவாள். அடிக்க விடாமல் ஊர் பிடித்து வைத்தது. அடிக்கவே நினைக்காதவளாக நான் ஆக்கப் போகிறேன்.

அண்ணாச்சி வந்து மேஜையை ஒரு விரலால் தொட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன். மதினி செருப்பைத் தூக்கிய விஷயம் அவருக்கும் தெரியும் என்று முகத்திலேயே தெரிந்தது. உங்களுக்குத் தெரிந்திருந்தும் என்னை ஏன் முதலில் சொல்லச் சொன்னீர்கள் என்று அவர்மேல் பாய்ந்தேன். இத்தனை நடந்த பிறகும் குற்றத்தை இறக்கி வைக்க ஒரு தலை தேடியிருக்கிறேன் பாருங்கள்.

அவர் குரல் இறங்கியது. “நீ கடைசியாச் சொன்னா, சின்னதுக சொன்னத எல்லாம் அழிச்சிப்புடுற பேச்சி. மகேஸ்வரிப் பிள்ள, நீ டைப் அடிக்கிற வெரலுன்னு சொன்ன அன்னைக்கி வீட்டுக்குப் போயி அழுதுருக்கு. நீ மொதல்லயே சொல்லிட்டா அதுக வாயத் தொறக்க வேண்டியது இல்ல. திட்டும் வாங்க வேண்டியது இல்ல. அதுக்காகத்தான் மாத்துனேன். நான் செஞ்சதும் தப்புத்தான்.”

மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, என்னிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற அவர் போட்ட வேலி. முட்டுகிற மாட்டுக்கு முதலில் புல்லைப் போடுவது போல என்னிடம் முதலில் கேட்டிருக்கிறார்கள். எத்தனை வருடம், எத்தனை கதை! ஏறியது எல்லாம் நான் ஏற்றியது, திரும்பிப் போனது எல்லாம் நான் திருப்பியது. நாலு பேர் உட்கார்ந்த மேஜையில் ஒரு ஆள்தான் இருந்திருக்கிறாள்.

‘என் கதை காயட்டும்’ என்று சொல்லிப் பேனாவை மூடப் போனேன். அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். நீ சொல்லி ஏறியது, நீ சொல்லியே இறங்கினால் அதுவும் பழைய கதைதான் என்றார். மகேஸ்வரியைக் கூப்பிட்டு வரச் சொன்னார்.

அவள் வந்து மெஷின் ஓரம் நின்றாள். எல்லாவற்றையும் அண்ணாச்சியே அவளுக்குச் சொன்னார். நீதான் இளையவள், நீதான் முதலில் சொல்ல வேண்டும், கதையை எழுதியவர் எதிரில்தான் நிற்கிறார், பரவாயில்லை சொல் என்றார். மகேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. விரித்திருந்த தாளைப் பார்த்தாள். அதைத் தொடப் போன கை நடுங்கியது. கல்யாணமாகி ஒரு பிள்ளை பெற்றவள், எங்கள் வேலையில் பாதியை ஒற்றை ஆளாகச் செய்கிறவள், என்னிடம் ஒரு சொல் சொல்ல அவளுக்குக் கை நடுங்கியது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

“காயட்டும்” என்றாள். விதிப்படி இடத்தைக் காட்ட வேண்டும். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

“தண்ணி குடுக்குறது மட்டும் இல்லக்கா. இந்தப் பொம்பளைக்குக் கத பூரா பேரே இல்ல. மொதலாளிக்குப் பேரு இருக்கு. செத்த ஆளுக்குப் பேரு இருக்கு. இவ யாரு, என்ன கோவக்காரி, என்ன தின்பா, ஒண்ணுமே நீங்க பாக்கல. சொம்ப மட்டும் பாத்துருக்கீக.”

ஒரு பிழைகூட விடாமல் நூறு தடவை படித்த கதையில் அது என் கண்ணில் படவே இல்லை. அதுதான் உண்மை என்று கேட்ட உடனே எனக்குத் தெரிந்தது. அடுத்துக் காளி ‘காயட்டும்’ என்றான். அண்ணாச்சி ‘காயட்டும்’ என்றார். காளி அப்போதே திருகுசாவியை எடுத்து மெஷினில் இருந்த அச்சுப் பிளேட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். அந்த நாலு பக்கத்துக்கு என்ன செய்வது என்று கேட்டான். வெள்ளையாகப் போகட்டும், வாங்குகிறவர்கள் பால் கணக்கு எழுதிக்கொள்வார்கள் என்றார் அண்ணாச்சி. அந்த வருடத் தொகுப்பு அப்படித்தான் போனது. உங்கள் யாரிடமாவது அந்தப் புத்தகம் இருந்தால் நடுவில் அந்த வெள்ளைப் பக்கங்கள் இருக்கும்.

டீச்சர் கேட்ட முறை எல்லாவற்றையும் மேலே எழுதிவிட்டேன். பெயரை வெட்டுங்கள், ஒட்டாத குரலில் வாசியுங்கள், டீ முடியும் வரை பேசாதீர்கள், இளையவரை முதலில் பேச விடுங்கள், எல்லாம் நல்ல முறைதான். எங்களிடமும் இவ்வளவும் இருந்தது. ‘அருமை’ போடுகிற உங்கள் பிள்ளைகளை நான் மடக்கினேன் அல்லவா, அவர்கள் அன்பினால் பொய் சொல்கிறார்கள். எங்கள் மேஜையில் என் மேல் இருந்த பயத்தினால் பொய் சொன்னார்கள். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் அழவில்லை, யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மகேஸ்வரி பின்னாலேயே வந்தாள்.

“அக்கா, எம்மேல கோவமா?” என்று கேட்டாள்.

இருந்தது. அவள் சொன்னது சரி என்று தெரிந்தும், அவள் கை நடுங்கியதைப் பார்த்தும், கோபம் இருந்தது. டைப் அடிக்கிற விரலுக்கு என்ன தெரியும் என்று மறுபடியும் கேட்க வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, “இல்லம்மா, கோவமெல்லாம் இல்ல” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சரிக்கா என்று சொல்லிவிட்டு, நான் போவதற்கு வழிவிடுவது போல ஒரு எட்டு பின்னால் நகர்ந்து நின்றாள்.